பெட்ரோல் ஹோஸில் ஒரு வெட்டு

மெக்கானிக் சலீம் பாய் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் எங்கள் காரின் கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது. ஒரு முனை தீயில் இளகித் தார் மாதிரி இறுகியிருந்தது. இன்னொரு முனை, கடையில் வாங்கி வந்த அன்று இருந்ததுபோலவே புதிதாக இருந்தது.

"நல்லா பாரும்மா," என்றார். "பாத்துட்டு, உங்கப்பா சொன்னத நீயும் ஒரு வாட்டி சொல்லு. வாங்கிக்கிறேன்."

முந்தின நாள் அப்பா அவரை எங்கள் தெருவில் நிறுத்தி, அக்கம்பக்கமெல்லாம் வாசலுக்கு வந்து பார்க்க, "என் பொண்ண உயிரோட கொளுத்தப் பாத்தியேடா" என்று கேட்டிருந்தார். சலீம் பாய்க்கு அப்பாவைவிடப் பத்து வயது கம்மி. அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஹோஸை வாங்கிப் பார்த்தேன். கருகாத முனையில், கிளிப் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அது வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இது தானா பிஞ்சது இல்ல. யாரோ கத்தி போட்டிருக்காங்க," என்றார் சலீம் பாய். "உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பழக்க தோஷத்தில் வெட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். ஷூ கம்பெனியில் என் வேலையே அதுதான். தோலின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி மெல்லிசாக்குவார்கள். சீவியது சரியா என்று விரலால் தடவிப் பார்த்து அனுப்புகிறவள் நான். யார் சீவியது என்பதைக்கூடச் சில சமயம் விரலே சொல்லிவிடும்.

இந்த ரப்பரிலும் அப்படி ஒரு சாய்வு இருந்தது. தோல் சீவிப் பழகிய கை. அதுவும் இடது கை.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு கைதான் உண்டு. அது என் அம்மாவின் கை. அந்தக் கை சமைத்துப் போட்ட சோற்றைத் தின்றுதான் நான் வளர்ந்தேன்.

ஷெட்டில் காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சலீம் பாய் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை.

முதலாளி கொடுத்த வண்டி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கம்பெனி கேண்டீன் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பாவும் தோல் தொழிலில் இருந்தவரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தார், ஆனால் தோலைத் தொட்டதில்லை. தோல் ஷாப் முதலாளிக்கு டிரைவர். தோல் பதனிடும் டேனரியை ஆம்பூரில் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மீனம்பாக்கத்திலிருந்து கூட்டி வருவதும், சாம்பிள் பையோடு அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அப்பாவின் வேலை.

வண்டி ஒரு வெள்ளை அம்பாசிடர். முதலாளி புது வண்டிக்கு மாறியபோது அது ஷெட்டில் நின்றது. அப்பா வேலையை விட்டு நின்ற அன்று, "மாணிக்கம், இத உன்னத் தவிர எவனும் ஒழுங்கா ஓட்ட மாட்டான், எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் வண்டி வந்த பிறகு எல்லாமே வண்டியை வைத்துத்தான். சொந்தக்காரர் கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏலகிரி மலை, காய்கறிச் சந்தை, எங்கே போவதென்றாலும் அப்பா முதலில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொள்வார். அவர் கார் ஓட்டும்போது ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் தளும்பாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். வேறு எதற்கும் அவரை அவள் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையில் வரும். ஊசி, நூல், ஓரம் சீவ ஒரு சின்னக் கத்தி. பார்வை மங்கிய பிறகு தையலை விட்டுவிட்டாள். கத்தியை மட்டும் விடவில்லை. பால் பாக்கெட், முருங்கைக்காய், புதுத்துணியின் அட்டை, எல்லாவற்றுக்கும் அதே கத்தி.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அப்படியிருந்தும் ஒருவருக்குள் நடப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் போகும் என்பதை வண்டி தீப்பிடித்த அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன்.

ரப்பரைத் தின்கிற பெட்ரோல்

முதலில் வந்தது நிஜமான கோளாறு. வண்டி காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. சலீம் பாய் வீட்டுக்கே வந்து பார்த்தார். பழைய ஹோஸை இரண்டு விரலால் கிள்ளினார். விரலில் மை மாதிரி ஒட்டியது.

"இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குறாங்கண்ணா. பழைய வண்டி ரப்பர அது தின்னுடுது. ஒண்ணு மாத்தி ஒண்ணு மாத்தினா பேஜார். எல்லாத்தையும் மாத்திடுவோம்."

ஒரு நாள் முழுக்க அந்த வேலை நடந்தது. எஞ்சினின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு, சரியாகப் பதப்படாத ஆட்டுத்தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. பித்தளை நட்டுகளில் மரை தேய்ந்திருந்தது. புதுச் சவ்வு, புது நட்டு, புது வாஷர், டேங்க் பக்கத்திலிருந்து கார்புரேட்டர் வரை புது ஹோஸ். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிளிப்பையும் தன் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

அம்மா டீ கொண்டுவந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

"இது இன்னா பாய்?"

"இதுதான் அண்ணி பம்பு. டேங்கிலேர்ந்து பெட்ரோல உறிஞ்சி மேல அனுப்பும்."

"இந்த கீழ இருக்குற ட்யூபு?"

"அது வழியாத்தான் உறிஞ்சும். அதுல ஒரு ஓட்டை விழுந்துதுன்னு வெச்சுக்கோங்க, வெறும் காத்துதான் வரும். வண்டி இம்மி நகராது."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"ஆபத்து இன்னா, ஸ்டார்ட் ஆகாது. அவ்ளோதான்."

சலீம் பாய் கீழ் ஹோஸைப் பற்றி மட்டும்தான் சொன்னார். அம்மா மேலே போகிற ஹோஸைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் வண்டி மறுபடி நின்றது. கீழ் ஹோஸ் கிளிப்பை ஒட்டியே அறுந்திருந்தது. சலீம் பாய் தன்னைத்தான் நொந்துகொண்டார். "கிளிப்ப ஜாஸ்தி முறுக்கிட்டேன் போலண்ணா. கடிச்சிடுச்சி." அந்த இடத்தில், மேலே இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ் ஒன்றை வாங்கி வந்து போட்டார். அதைக் கத்தியும் தொடாது, எலியும் தொடாது என்றார். அப்பா சமாதானமானார்.

அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

நாட்றம்பள்ளி போகும் வழியில்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாட்றம்பள்ளியில் என்னோடு வேலை செய்கிறவளின் தங்கைக்குக் கல்யாணம். பஸ்ஸில் போகிறேன் என்றேன். "வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்று அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா தெருக்கோடியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினோம்.

கிளம்பும்போது லேசாக ஏதோ வாடை வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு அடுத்தது தோலுக்குச் சாயம் அடிக்கிற சின்ன யூனிட். தின்னரும் பெயின்ட்டும் எங்கள் மூக்குக்குப் பழக்கம். ஆம்பூர் மூக்கை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பையில் போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்கவில்லை. வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்வாள், பிறகு பேசலாம் என்று விட்டேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

வாணியம்பாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. நீராவி என்று நினைத்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, வண்டியை அப்படியே ஓரத்து மண்ணில் உருட்டி நிறுத்தினார்.

"எறங்கு. ஓடு. திரும்பிப் பாக்காத."

நான் இறங்கிய பிறகுதான் அடியில் நீலமாக எரிவதைப் பார்த்தேன். பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, விழுந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் ஒருவர் ஈரக் கோணியோடு ஓடிவந்தார். பானெட்டை முழுக்கத் தூக்கப்போனவரை அப்பா தடுத்தார். "தொறக்காத, காத்து பட்டா பத்திக்கும்." இடுக்கு வழியாகவே மண்ணை வாரி வாரி வீசினார். கோணியை உள்ளே அழுத்தினார். முழங்கை வரை ரோமம் கருகி, ஒரு கையில் தோலும் வெந்துவிட்டது.  எழுபதைத் தாண்டிய மனிதர் எதை எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் செய்தார்.

தீ அணைந்தது. நான் சாலையோரத்தில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவை முழுக்கச் சாம்பல்.

டெம்போவில் கட்டி இழுத்து வந்தோம். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் உட்கார்ந்தாள் என்றுதான் நினைத்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்

ஷெட்டிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஹோஸ் என் கைப்பையில் இருந்தது. சலீம் பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். அம்மா அப்பாவைக் கொல்லப் பார்த்தாளா?

அப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றியதை எழுதவே கூசுகிறது. ஆனால் கையில் வெட்டு இருக்கிறது. வேறு என்ன நினைப்பது?

அப்பா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹோஸை எடுத்து முறத்தின் மேல் வைத்தேன். பார்த்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீதான் அறுத்தியா?"

"நான் போன் பண்ணேன்," என்றாள். "தண்ணி புடிச்சிட்டு வந்து பாத்தா வண்டி இல்ல. எத்தினி வாட்டி பண்ணேன். நீ எடுக்கல."

"அப்பாவ கொல்லப் பாத்தியாம்மா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பது போல ஒரு பார்வை.

"அவரு சாவக் கூடாதுன்னுதான்டி பண்ணேன்."

பிறகு சொன்னாள். அடிக்கடி உள் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

சில மாதங்களுக்கு முன்னால் இருவரும் ஏலகிரிக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். மலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும், அதனால் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தாள். வளைவெல்லாம் அப்பா அருமையாக ஓட்டினார். கீழே இறங்கி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு வண்டி மெதுவாகி நின்றது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அப்பா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாளாம். அவர் சிரிக்கவில்லை. "முதலாளி வூட்டுக்கு வந்திருக்கீங்களா? அட்ரஸ் தெரியுமா?" என்று மறுபடி கேட்டார்.

"எனக்கு ஒடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சி. ஆம்பூருன்னேன். ஆம்பூர்ல எங்கன்னாரு. நம்ம தெரு பேரச் சொன்னேன். எங்க திரும்பணும், எங்க திரும்பணும்னு கேட்டுக்கினே வந்தாரு. நான் சொல்லிக்கினே வந்தேன். வாசல்ல நிறுத்தி, எறங்கி வந்து கதவத் தொறந்து வுட்டாரு. 'பாத்து எறங்குங்க'ன்னாரு. என்ன கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்ன ஒரு நாள் வாங்க போங்கன்னு சொன்னதில்ல அந்த மனுசன்."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் அந்தண்ட இந்தண்ட பாத்துக்கினு இருந்தாரு. அப்பறம், 'இன்னாடி, டீ போடலியா'ன்னாரு. அவ்ளோதான். ஒண்ணுமே நடக்காத மாதிரி."

அதன்பிறகு இன்னும் இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. வீட்டிலேயே. நான் கம்பெனியில் இருந்தபோது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? வண்டிய புடுங்குவ. எதுக்குடி புடுங்குறன்னு அவரு கேப்பாரு. எதுக்குன்னு அவர்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்லுவியா?" ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். "சாவிய ஒளிச்சு வெச்சேன். இன்னொண்ணு எடுத்துக்கினாரு, அப்பறம் இதையும் தேடி எடுத்துட்டாரு. வண்டி கெட்டுப் போச்சுன்னா வண்டி மேலதான கோவப்படுவாரு. அவரு மேல அவரே கோவப்பட வேணாம் இல்ல. பாய்தான் சொன்னாரு, ட்யூபு போனா நகராது, ஆபத்து இல்லன்னு."

முதல் தடவை கீழ் ஹோஸை அறுத்தாள். வண்டி நின்றது. அந்த இடத்தில் சலீம் பாய் கம்பி பின்னிய ஹோஸைப் போட்டுவிட்டதால் கத்தி இறங்கவில்லை. அதனால் மேல் ஹோஸை அறுத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். பம்ப் பெட்ரோலை வேகமாகத் தள்ளுவது அந்த வழியாகத்தான், அதற்குக் கீழேதான் சூடான புகைக்குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. உள்ளே இருந்த நூல் பின்னலில் கத்தி மாட்டிக்கொண்டதால் பாதியோடு விட்டுவிட்டாள். அந்தப் பாதிதான் எங்களை வாணியம்பாடி வரை போகவிட்டது.

"உன் ஒரு முடி கருகியிருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன்," என்றாள். அழவில்லை. அவள் கை மட்டும் காலி முறத்தில் கீரையைத் தேடிக்கொண்டிருந்தது.

சலீம் பாயின் கோபம்

மறுநாள் காலையில், நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அம்மாவே ஷெட்டுக்கு வந்தாள். "நான்தான் பாய் அறுத்தேன்," என்று நின்றுகொண்டே சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.

சலீம் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் மன்னிப்பார், ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தெரியுமா அண்ணி, நேத்து ரெண்டு பேரு வந்து வண்டிய திருப்பி எடுத்துட்டுப் போய்ட்டாங்க. சலீம் கை வெச்சா வண்டி எரியுதுன்னு ஊருல பேச்சு."

அம்மா தலை குனிந்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா? வண்டிய ஓட வெக்க மட்டுமா எனக்குத் தெரியும்? ஒரு சின்ன வயர கழட்டி வெச்சிருந்தா எந்தக் காலத்திலயும் ஓடியிருக்காது. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க பொண்ணு மேகலா அந்த வண்டியில இருந்தா அண்ணி." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அங்கிருந்தே, "அண்ணாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"தெரிஞ்சுதான் ஆவணும். இனிமே யாரும் அவர ஏமாத்தக் கூடாது."

அன்றைக்கே அவர் வண்டியை வேலைக்கு எடுத்துக்கொண்டார். கருகிய வயர்கள், மேல் ஹோஸ், பம்பின் நட்டு, வாஷர் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினார். எதற்கு, இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். "நிக்கிற வண்டியா இருந்தாலும் பெட்ரோல் ஒழுகக் கூடாதும்மா," என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில்

தீக்காயத்தைக் காட்டுவதாகச் சொல்லித்தான் அப்பாவை வேலூருக்குக் கூட்டிப் போனோம். ரயிலில். டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். காயத்தைப் பார்த்தார், பிறகு சாதாரணமாகப் பேசுவதுபோலக் கேள்விகள் கேட்டார். மீனம்பாக்கத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்றதற்கு அப்பா ஒவ்வொரு ஊராகச் சொன்னார். இது என்ன மாதம் என்றதற்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கு என்னைப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய்தான், மாத்திரையில் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வண்டி கூடவே கூடாது என்றும் சொன்னார்.

வெளியே வந்தபோது அம்மா அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஏலகிரி, கண்ணாடி, எங்கம்மா போவணும், கத்தி, ஹோஸ். ஒன்றையும் விடவில்லை. ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அப்பா குறுக்கிடாமல் கேட்டார். கோபம் வரும், இல்லை என்று சாதிப்பார், எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். எதுவும் நடக்கவில்லை.

"அப்ப சலீமு மேல தப்பு இல்ல," என்றார் முதலில்.

"இல்ல," என்றாள் அம்மா.

"தெருவுல வெச்சித் திட்டிட்டேனே. தெருவுல வெச்சித்தான் மன்னிப்பு கேக்கணும்." கேட்கவும் செய்தார். அடுத்த நாள் சாயங்காலம், அதே இடத்தில், எல்லோரும் பார்க்க. அதை மறந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

 பெஞ்சில் அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு," என்றார், "உன்ன எங்க போவணும்னு கேட்டேனே. அப்ப வண்டி எங்க நின்னுது?"

அம்மாவுக்குப் புரியவில்லை.

"ஓரங்கட்டித்தான நிறுத்தியிருந்தேன்?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"இல்லீங்க," என்றாள். "நடு ரோட்டுல."

அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. மனைவியை அடையாளம் தெரியாமல் போனதைக் கேட்டபோதுகூட அப்படி மாறவில்லை.

"பின்னால வண்டி வந்துதா?"

"லாரி வந்துது. ஒதுங்கிப் போயிட்டான்."

 அப்பா நல்ல கையால் சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். இரண்டாவது சாவியை வேட்டி முடிச்சிலிருந்து அவிழ்த்து எடுத்தார். அதையும் வைத்தார்.